நேத்து வேகவெச்ச உருளைக்கிழங்கு... இன்னைக்கு ஜெர்மன் டின்னர்!

ஜெர்மன் டின்னர்னு சொன்னதும் பெரிய சாஸேஜ், மணிக்கணக்கா ஓவன்ல வேகுற இறைச்சினு ஒரு படம் மனசுல ஓடுதா? அது ரெஸ்டாரன்ட் மெனு பாஸ். அங்கே வீடுகளில் கதை வேற.

ஜெர்மனியில் சூடான சமையல் என்பது மரபாக மதியத்துக்குத்தான். இரவில் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி என எளிமையாக முடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயரே 'ஆபென்ட்ப்ரோட்', அதாவது 'மாலை ரொட்டி'. சூடா ஏதாவது சாப்பிடணும்னு தோணுற ராத்திரிகளில் பல வீடுகளுக்குக் கைகொடுப்பது 'பிராட்கார்டோஃபெல்ன்'. பேரைப் பார்த்து மிரளாதீங்க... வறுத்த உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். கூடவே ஒரு ஆஃப் பாயில், ஒரு வெள்ளரி சாலட். ஓவன் வேண்டாம், ஒரு தோசைக்கல்லே போதும்.

ஏன் நேத்து வேகவெச்சது?

முதல் தடவை செஞ்சப்போ, சுடச்சுட வேகவெச்ச கிழங்கை அப்படியே வெட்டிக் கல்லில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பூரி மசாலா ரெடி! தப்பு எங்கேன்னு அப்புறம்தான் புரிஞ்சது. வெந்த சூட்டில் கிழங்கின் ஸ்டார்ச் இளகி, ஈரமாக இருக்கும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால் அது இறுகிவிடும், மேல்பரப்பும் காய்ந்துவிடும். அப்போதுதான் வில்லை உடையாமல் மொறுமொறுவென வரும்.

கிழங்கு வகையும் முக்கியம். ஜெர்மன் கடைகளில் உருளைக்கிழங்குப் பையிலேயே 'வெந்தாலும் உடையாதது', 'மாவாக வேகுவது' என்று எழுதியிருப்பார்கள். வறுக்க முதல் வகை, மசிக்க இரண்டாவது. நம்ம ஊர்க் கடையில் அப்படி எழுதியிருக்காது. மெல்லிய தோலுள்ள புதுக் கிழங்காகப் பார்த்து எடுங்க.

தேவையானவை (2 பேருக்கு)

உருளைக்கிழங்கு - அரை கிலோ
பெரிய வெங்காயம் - 1
எண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன்
வெண்ணெய் - 1 டீஸ்பூன்
முட்டை - 2
உப்பு, மிளகுத்தூள் - தேவைக்கு
காய்ந்த மார்ஜோரம் - அரை டீஸ்பூன் (இல்லையெனில் பீட்சாவோடு வரும் ஆரிகானோ பாக்கெட்)

செய்முறை

1. முந்தின நாள் ராத்திரியே கிழங்கைத் தோலோடு, உப்புத் தண்ணீரில் 20-25 நிமிடம் வேகவிடுங்கள். குக்கரில் வைத்தால் குழைந்துவிடலாம், பாத்திரமே பெட்டர். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள்.

2. மறுநாள் தோலுரித்து, அரை சென்டிமீட்டர் தடிமனில் வட்ட வட்டமாக நறுக்குங்கள்.

3. கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் ஊற்றி, வில்லைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யலாம். நெருக்கிப் போட்டால் வறுபடாது, ஆவியில் வேகும்.

4. இனி 5 நிமிடம் கரண்டியைத் தொடவே கூடாது! அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போடுங்கள்.

5. இரண்டாவது பக்கம் பாதி சிவந்த பிறகே வெங்காயம். முதலிலேயே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் அது கருகிவிடும். கடைசியில் வெண்ணெய், உப்பு, மிளகு, மார்ஜோரம் சேர்த்து இறக்குங்கள்.

6. அதே கல்லில் இரண்டு ஆஃப் பாயில். ஜெர்மன்காரர்கள் இதை 'கண்ணாடி முட்டை' என்கிறார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி! மஞ்சள் கருவை உடைத்து கிழங்கோடு தொட்டுச் சாப்பிட்டால்... வேற லெவல்.

அசைவப் பிரியர்கள் அங்கே பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்ப்பார்கள். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் கெட்டித் தயிரில் பூண்டு, உப்பு கலந்து தொட்டுக்கொள்ளலாம்.

வெள்ளரி சாலட்

ஒரு வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி 10 நிமிடம் வையுங்கள். விட்ட நீரைப் பிழிந்துவிட்டு, 1 டேபிள்ஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், மிளகு சேருங்கள். சதகுப்பைக் கீரை கிடைத்தால் பொடியாக நறுக்கித் தூவலாம். வறுவலின் எண்ணெய்ப் பிசுக்குக்கு இந்தப் புளிப்புதான் சரியான ஜோடி.

ஒரு ராஜாவும் கொஞ்சம் கிழங்கும்

உருளைக்கிழங்கு ஜெர்மனியின் சொந்தப் பயிர் அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தொடக்கத்தில் மக்கள் அதைச் சீண்டவே இல்லை. பஞ்சத்துக்கு அது கைகொடுக்கும் என்று நம்பிய பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக், 1756-ல் அதைப் பயிரிடச் சொல்லி உத்தரவே போட்டார். போட்ஸ்டாமில் இருக்கும் அவர் கல்லறையில் மக்கள் இன்றைக்கும் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்!

மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: கடையில் 'க்யும்மெல்' என்று இருப்பது நம்ம சீரகம் இல்லை. பார்க்க அச்சு அசலாக இருக்கும், வாசம் வேற. அதை இந்த வறுவலில் ஒரு சிட்டிகை போடலாம், ரசத்தில் போட்டால் காலி! நம்ம சீரகத்துக்கு அங்கே பெயர் 'க்ராய்ட்ஸ்க்யும்மெல்'.

ஆபீஸ் முடிஞ்சு களைச்சுப்போய் வந்து, கை தானா டெலிவரி ஆப்பைத் தேடும் பாருங்க, அந்த நேரத்துக்கான சமையல் இது. பாதி வேலை நேத்தே முடிஞ்சிருக்கும், மிச்சம் அரை மணி நேரம்தான். அதனால இன்னைக்குத் தூங்கப் போறதுக்கு முன்னாடி, அரை கிலோ கிழங்கை வேகப்போடுங்க. நாளைக்கு டின்னர் ரெடி!