அழியும் ஓவியமும் அருளுரையும்: கரும்பலகை ஊழியம்

சபையின் கண்முன் ஓவியம் வரைந்தவாறே மறையுரை நிகழ்த்தும் கிறித்தவ ஊழிய முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஞாயிறு பள்ளிகளில் பரவியது. 'சாக் டாக்' எனப்பட்ட இம்முறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் பிராங்க் பியர்டு (1842–1905). இதழ்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்த இவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக்கென 1874இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கப்பட்ட சட்டாக்குவா முகாமில் இவ்வகைச் சொற்பொழிவுகளை ஆற்றினார். 1896இல் வெளிவந்த அவருடைய 'சாக் லெசன்ஸ்' என்னும் நூல் இம்முறையைப் பயிற்றுவிக்கிறது.

சீர்திருத்தத் திருச்சபைகளுள் பல, வழிபாட்டிடத்தில் உருவங்களை ஐயத்துடன் நோக்கியவை. அங்குக் கரும்பலகைப் படம் ஏற்கப்பட்டமைக்கு அதன் நிலையாமையும் ஒரு காரணம் எனலாம். துடைக்கப்படும் படம் வணக்கத்திற்குரிய பொருளாவதில்லை. கோடு கோடாக அது உருப்பெறும் பொழுதிலேயே போதனை நிகழ்ந்து முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இது கூட்டுக்கலையாகவும் வளர்ந்தது. ஓவியர் வரைய, இசைஞர் வாசித்தனர். வண்ண விளக்குகளும், புற ஊதா ஒளியில் மட்டும் புலப்படும் மறைபடமும் உடன் சேர்ந்தன.

இன்றைய வழிபாடுகளில் பாடல்களினூடே துணியில் தீட்டப்படும் ஓவியம் எஞ்சி நிற்கிறது. கரும்பலகைப் படங்களோ பெரும்பாலும் அழிந்தன; ஆய்வாளருக்குக் கிடைப்பவை பயிற்சிக் கையேடுகளே. அவை மாதிரிப் படங்களைத் தருகின்றன. வரைந்த கையின் வேகத்தையும் பார்த்திருந்தோரின் எதிர்பார்ப்பையும் தருவதில்லை. ஆகவே இவ்வூழியத்தை ஓவிய வரலாற்றோடு நிகழ்த்துகலை வரலாற்றிலும் வைத்து ஆராய்தல் வேண்டும்.