பொறுதியும் மீட்சியும்: மன்னார்க் கரையோரத்தில் புதிய எஞ்சின்களின் நம்பகம்

மன்னாரில் வான் வாங்கப்போகிறவர் கராஜில் யோசனை கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “கம்பியூட்டர் இல்லாததாப் பாத்து எடுங்கோ.” டொல்பின் என்று நாம் அழைக்கும் பழைய ஹைஏஸ் வானுக்கு அதன் வயதோடு சற்றும் பொருந்தாத விலை கேட்கப்படுவதற்கு இந்த நம்பிக்கை ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பிய வாகன இறக்குமதி இன்னொரு காரணம். புதிய எஞ்சின் எண்ணெயை மிச்சம் பிடிக்கும், ஆனால் நம்பி ஏற முடியாது என்பதே அந்த யோசனையின் உட்பொருள். அனுபவத்தில் பிறந்த கருத்து என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அது இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகக் கட்டிவைக்கிறது என்பது என் வாதம்.

புதிய எஞ்சின் இழந்திருப்பது பொறுதி. கலப்பட எண்ணெய், பிந்திய சேர்விஸ், தூசி, வெக்கை ஆகியவற்றைச் சகித்துக்கொண்டு ஓடும் குணத்தையே பொறுதி என்கிறேன். அதனுடன் மீட்சியும் குறைந்திருக்கிறது. பழுதானால் பக்கத்திலுள்ள கைகளாலும் கிடைக்கும் சாமான்களாலும் மீண்டும் ஓடவைக்கக்கூடிய தன்மை அது. எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை பழுதாகிறது என்ற கணக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அந்தக் கணக்கில் புதியவை தோற்கவில்லை. பல இடங்களில் வென்றே இருக்கின்றன.

டொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பைப் பார்ப்போம். 1997இல் பிரியஸோடு சந்தைக்கு வந்தபோது உலகின் மிகச் சிக்கலான கார் என்று அதைச் சொல்லியிருக்கலாம். பொனெற்றைத் திறந்து கவனித்தால் சில சாமான்கள் அங்கே இல்லாதது தெரியும். வழக்கமான கிளச் இல்லை. தனியான ஸ்டார்டர் மோட்டார் இல்லை. ஓல்டநேற்றர் இல்லை. கோள்பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும் அவ்வளவு வேலையையும் பங்கிட்டுக்கொள்கின்றன. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பாட் பல மடங்கு காலம் உழைக்கிறது. அமெரிக்காவின் கொன்சியூமர் ரிப்போர்ட்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண பெற்றோல் கார்களைவிட ஹைபிரிட்களில் 26 சதவீதம் குறைவான பழுதுகளே பதிவாகின. செருகி மின்னேற்றும் ஹைபிரிட்களில் நிலைமை தலைகீழ்: 146 சதவீதம் கூடுதல். இரண்டுமே சிக்கலானவை. ஆகவே சிக்கலை ஒற்றைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது. தேய்மானத்தை நீக்கும் சிக்கல் ஒரு வகை; இருந்த கையிருப்பைச் சுரண்டும் சிக்கல் மற்றொரு வகை.

இரண்டாம் வகைக்கு உதாரணங்களுக்குக் குறைவில்லை. உராய்வைக் குறைக்கவென்று டைமிங் பெல்ற்றை எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடவிட்ட பியூர்டெக் 1.2 லீற்றர் எஞ்சினில் பெல்ற் சிதைந்து துகள்கள் ஒயில் வழியை அடைத்தன. 2024இல் அதன் தயாரிப்பாளரான ஸ்டெலான்டிஸ் ஐரோப்பாவில் அதற்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்ட வேண்டியதாயிற்று. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஹொண்டா வெசலின் உறவுக்காரரான ஃபிற் ஹைபிரிட், இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் மென்பொருள் முதலிய குறைகளால் 2013–14இல் ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஐந்து தடவை திருப்பி அழைக்கப்பட்டது. பிரியஸும் முற்றிலும் தப்பவில்லை. அதன் மூன்றாம் தலைமுறையில் புகையின் ஒரு பங்கைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வழி கரியால் அடைபடுவதும், ஹெட் காஸ்கற் போவதும் பல நாட்டு மெக்கானிக்குகளும் அறிந்த நோய்.

கொன்சியூமர் ரிப்போர்ட்ஸின் எண்ணை அப்படியே மன்னாருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே அந்தக் கார்கள் ஓடும் எண்ணெய் வேறு, காற்று வேறு, கேட்டவுடன் சாமான் தரும் முகவர் நிலையங்களும் வேறு. இங்கே வைகாசி தொடங்கிச் சோளகம் மாதக்கணக்கில் வீசுகிறது. தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் அது மணலையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. டொயோட்டாவின் சிறு ஹைபிரிட்டான அக்குவாவின் பின் இருக்கைப் பக்கத்தில் சல்லடை போன்ற ஒரு சிறு மூடி உண்டு. பயணிகள் அதன்மேல் பையை வைப்பார்கள், துவாயைப் போடுவார்கள். உயர் அழுத்த பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகவே போகிறது. மூடியைக் கழற்றி உள்ளேயிருக்கும் விசிறியை எடுத்தால், இதழ்களுக்கு இடையே கம்பளி போல ஒரு படலம்: துணிநூல், தலைமயிர், எல்லாவற்றையும் பிசைந்து ஒட்டிய உப்பீரத் தூசி. பழைய பல்தூரிகையும் கால் மணி நேரமும் போதும் அதைச் சுத்தம் செய்ய. செய்யாவிட்டால் 120 செல்களில் நடுவிலிருப்பவை முதலில் சூடேறி மெலிகின்றன. ஒன்று விழுந்தால் முழுத் தொகுதியும் விழும். பற்றரியின் குறையாகப் பதிவாகும் இந்தப் பழுது, உண்மையில் ஒருவரும் சொல்லித்தராத ஒரு மூடியின் குறை.

சொல்லித்தர வேண்டிய கார் ஜப்பானிய மொழியில் பேசுகிறது. பாவித்த நிலையில் ஜப்பானிலிருந்து நேரே இறக்குமதியாகும் கார்களின் திரையில் வரும் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில். டாஷ்போர்டில் கிடக்கும் கைநூலும் அதே எழுத்தில். முன்கூட்டியே எச்சரிப்பதுதான் புதிய இலத்திரனியலின் பெருங்கொடை. அதை வாசிக்க முடியாதவருக்கு அக்கொடை வெறும் மஞ்சள் விளக்கு. ஒரு பொறிமுறையின் நம்பகத்தை மதிப்பிடும்போது மொழியையும் அதன் பாகமாக எண்ண வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

டீசலில் இதே கதை இன்னும் கடுமை. டொல்பினின் பழைய 3எல் எஞ்சினில் இன்ஜெக்டர் திறப்பது நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில். பின்வந்த கே.டி.எச். ஹைஏஸ் வான்களின் கொமன் ரெயில் எஞ்சினில் அது ஆயிரத்தைத் தாண்டிய பல நூறுகள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் மூடுபனியாகச் சிதறி முழுவதும் எரிகிறது. புகையும் குறைகிறது, செலவும் குறைகிறது. அதற்கு ஈடாக, இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளி ஒருசில மைக்ரோன் அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கிறது. ஈரக்காற்றில் பீப்பாவுக்குள் ஊறிய சிறிது நீர் பழைய பம்பைத் துருப்பிடிக்க வைக்கும்; புதியதைக் கொன்றே விடும்.

பொறுதியின் உச்சத்தை வடக்கு ஒருகாலத்தில் கண்டது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாத ஊர்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையோடு வண்டி நகரும். இந்தச் சாத்தியத்தின் பின்னால் ஒரு எண் இருக்கிறது: அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7 தொடக்கம் 8.5 வரையே. அக்குவாவில் அது 13.4. விகிதம் உயர உயர ஒவ்வொரு துளியிலிருந்தும் கிடைக்கும் வேலை கூடுகிறது, கண்ட எண்ணெயையும் ஏற்கும் இடம் சுருங்குகிறது. சிக்கனமும் பொறுதியும் உண்மையாகவே மோதும் புள்ளி இது.

ஆனால் அந்தக் கார்களை நம்பகமானவை என்று நினைவு கூருவது நம் அன்பின் மிகை. மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியே கசிந்து ஒயிலை நீராக்கியது, வால்வு கருகியது, கரி அகற்றும் வேலை ஓயவில்லை. தடை இல்லாத காலத்திலும் பொயின்ற், பிளக், ரப்பெற் என்று சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கை வைத்தே ஆகவேண்டும். இன்று நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்த சிலவே. கழித்துக் கட்டியவற்றை எவரும் எண்ணுவதில்லை.

எனவே அளவையை மாற்ற வேண்டும். ஒரு வான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்று ஒவ்வொரு தடவையும் அரை நாளில் சரியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் அது நிற்கும் காலம் 4 நாள். இன்னொரு வான் அதே இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை நிற்கிறது. ஆனால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வந்து, ஸ்கேனர் உள்ள ஆள் கிடைத்து அது ஓட 21 நாள். பழுதின் எண்ணிக்கையில் இரண்டாவது எட்டு மடங்கு சிறந்தது. வாடகைக்கு ஓடி வீடு நடத்துகிறவருக்கு அது ஐந்து மடங்கு மோசம். கராஜ்காரர் சொல்லும் யோசனைக்குள் இருப்பது இந்த இரண்டாம் கணக்கு. அவர் தவறவில்லை, பழியை எஞ்சின் மேல் மட்டும் போடுவதில்தான் பிழை.

கடலில் இந்தக் கணக்கு உயிரைத் தொடுகிறது. பேசாலை, பள்ளிமுனை, வங்காலைத் தொழிலாளர்களின் கண்ணாடியிழைப் படகுகளைப் பெரிதும் ஓட்டுபவை இரண்டடிப்பு மண்ணெண்ணெய் எஞ்சின்கள். கொடுத்த எண்ணெயில் கணிசமான பங்கை எரிக்காமலே புகைக்குழாயால் துப்பிவிடுபவை அவை. எரிபொருள் உட்செலுத்தும் நான்கடிப்பு எஞ்சின் அந்த வீணைத் தடுக்கும். ஆயினும் நடுக்கடலில் நின்றுபோனால் பிளக்கைக் கழற்றிச் சாரத்தின் தலைப்பில் துடைத்து, கயிற்றை இழுத்துக் கிளப்பலாம் என்ற உறுதிக்காகவே தொழிலாளி அந்த வீணைச் சுமக்கிறார். இந்தக் கடலில் காற்றோடு இழுபட்டால் எல்லைக் கோடு தூரத்தில் இல்லை.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது அந்த உறுதியின் விலையும் ஏறியது. கரையில் ஏறிய படகுகள் பழுதாகி ஏறவில்லை. வீதியிலும் அப்படியே. அதே ஆண்டு யூலையில் கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் போகும் காரில் வவுனியாவுக்கு ஒருமுறை போய்வரலாம். இருபது போகும் ஹைபிரிட்டில் இரண்டு முறை போய்வந்தும் மிச்சம் இருக்கும். நோயாளியை ஏற்றிப்போக வேண்டிய வீட்டுக்கு அந்த இரண்டாம் பயணமே நம்பகம். எண்ணெய் இல்லாமல் நிற்கும் வண்டியும் நின்ற வண்டிதான். சிக்கனத்தை நம்பகத்தின் எதிரியாக நிறுத்தும் கேள்வி இந்த இடத்தில் உடைகிறது.

இறக்குமதி மீண்டும் திறந்துவிட்ட இந்நாட்களில் மன்னாருக்கு வேண்டியது பழையதை நோக்கித் திரும்பும் ஏக்கம் அல்ல, மீட்சியை இங்கேயே உண்டாக்கும் முயற்சி. தொழிற்பயிற்சி நிலையங்களில் உயர் அழுத்த மின்சாரப் பாதுகாப்பும் ஸ்கேனர் வாசிப்பும் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். எச்சரிக்கை விளக்குகளுக்குத் தமிழில் ஒரு பக்கத் தாள் காரோடு கட்டாயமாகக் கைமாற வேண்டும். ஆய்வாளர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு: கராஜ்களோடு சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்குவது. ஓடிய தூரம், கடைசியாக ஒயில் மாற்றிய நாள், பழுதான சாமான், அது வந்துசேர எடுத்த நாட்கள் என்று நான்கு நிரல்கள் போதும். முதல் மூன்றையும் பல கராஜ்காரர்கள் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கிறார்கள். நான்காவதை இன்றுவரை வண்டிக்காரர் மட்டுமே, வாடகை இழந்த நாட்களாக, விரல்விட்டு எண்ணி வருகிறார்.