எஞ்சாமி: ஒரு பாட்டும் ஒரு கடல்வழியும்

மணமேல்குடிக்குப் பக்கத்தில் அம்மாபட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர். இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டு இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் தொண்டி, பாம்பனோடு சேர்த்து இந்த ஊர்ப் பேரும் வரும். காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகள் சேர்த்த ஆட்களைத் தோணி ஏற்றிய துறைகளில் இதுவும் ஒன்று. அக்கரையில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடக்க வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நம் ஊர்களில் அதற்குப் பேர் 'கண்டிச்சீமைக்குப் போறது'.

2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வந்த ஒரு பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் அம்மாபட்டினத்தில் நிற்கிறேன் என்று கேட்கலாம். 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்குள் இருக்கும் பயணம் இந்த மாதிரிக் கரைகளில்தான் தொடங்கியது.

அதுவரை தீயை நாம் சினிமா வழியாகத்தான் அறிவோம். 'ரௌடி பேபி'யில் கேட்ட அதே குரல். சினிமாவுக்கு வெளியே அவருடைய முதல் தனிப்பாடல் இதுதான். கூடப் பாடிய அறிவு, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவிலும், 2019-இல் ஆஃப்ரோவோடு செய்த 'தெருக்குரல்' தொகுப்பிலும் தன் பேரை நிறுத்திக்கொண்டவர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளி இயக்கம் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது மாஜ்ஜா. சினிமாவை நம்பாத தமிழ் இசைக்கு ஒரு மேடை வேண்டும் என்று ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய தளம் அது.

இப்படி ஒரு அறிமுகத்துக்கு வழக்கமாக என்ன செய்வார்கள்? காதல், பிரிவு, பார்ட்டி, இல்லாவிட்டால் 'நான் யார் தெரியுமா' என்கிற ராப். இவர்கள் பாட்டியையும் மண்ணையும் ஒப்பாரியையும் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் ஆட வைக்கிற தாளத்தில்.

ஒப்பாரியைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். ஒரு பெண் இழுப்பாள். வரியின் முடிவு அழுகையில் கரையும். அது கரைவதற்குள் இன்னொருத்தி அடுத்த வரியைப் பிடிப்பாள். செத்தவரைப் பார்த்து நேராகப் பேசுவது அது. 'போயிட்டியே' என்று தொடங்கி, மாமியார் கொடுமை, வராத கூலி, பிறந்த வீட்டு நினைப்பு எல்லாம் உள்ளே வந்துவிடும். வேறு எங்கேயும் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் அது. எழுதியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

'எஞ்சாமி' என்ற சொல்லையே பாருங்கள். பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிழவி கொஞ்சுகிற சொல் அது. அதே 'சாமி'யைத்தான் நிலக்காரர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவரும் சொன்னார். கொஞ்சலும் கும்பிடும் ஒரே சொல்லில்.

காணொளியில் வரும் வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சொந்த நிலமில்லாமல் கடல் கடந்து, காட்டைத் தோட்டமாக்கி, கடைசியில் வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதைதான் பாட்டுக்கு அடிப்படை என்று அறிவு சொல்லியிருக்கிறார்.

அந்தத் திரும்புதலுக்குத் தேதிகள் உண்டு. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. (புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அதே வருஷம். இங்கே ஒரு ராஜ்ஜியத்துக்குக் கிடைத்த நாடு, அங்கே இருந்த சனத்துக்குக் கிடைக்கவில்லை.) 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, சொல்லப்பட்ட ஊருக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பேர். இலங்கையில் இந்தியாக்காரர், இந்தியாவில் சிலோன்காரர்.

பாட்டு பெரிய வெற்றி. கல்யாண வீடு, கல்லூரி விழா, ரீல்ஸ் என்று எங்கும் ஒலித்தது. பிறகுதான் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை பிறகு வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு அரங்கேறியது. எழுதி, இசையமைத்து, பாடி, நடித்தவன் நான் என்று அறிவு அறிக்கை விட்டார். எண்ணம் தீ, இயக்குநர் மணிகண்டன் ஆகியோரிடம் பிறந்தது, இசை தன்னுடையது, வருமானம் சமபங்கு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024-இல், பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் இதுவரை ஒரு பைசா வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் ஸ்டுடியோவில் இருந்தவனில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. கூட்டாகச் செய்த ஒரு பொருளில் யார் பேர் முதலில் விடுபடுகிறது என்பது தற்செயலாக நடப்பதில்லை. கங்காணியின் பேரேட்டிலும் சனங்களுக்குப் பேர் இருந்தது. பேருக்கு நேரே கடன் இருந்தது. விளைச்சலுக்கு நேரே மட்டும் வேறு யாரோ பேர். நட்டவருக்கு நிலமில்லை என்று பாடிய பாட்டிலேயே 'இது யாருடையது' என்ற சண்டை வந்ததை வெறும் பிரபலங்களின் சச்சரவாக நினைத்துக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒப்பாரி இழுப்பை நூறு வருஷம் கைமாற்றிக் கொண்டுவந்த பெண்களின் பேரை, இந்தச் சண்டையில் யாரும் உரிமையோடு கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, எழுதி வைத்தவர் இல்லை. ஒரு கிழவியின் பேராவது, வள்ளியம்மாள் என்று, கோடிக்கணக்கான பேர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாபட்டினத்தில் தோணி ஏறியவர்களில் எத்தனை வள்ளியம்மாள்கள் இருந்தார்களோ.