பழைய காருக்கு ஆண்டுத் தேர்வு: பிரிட்டனின் எம்.ஓ.டி. வரலாறு

மாணவர்களுக்கு மட்டும்தான் ஆண்டுத் தேர்வா? பிரிட்டனில் கார்களுக்கும் உண்டு! காருக்கு மூன்று வயது ஆனதும் முதல் தேர்வு. அதன் பிறகு வருடா வருடம் ஒன்று. தேறாத காரைத் தெருவில் ஓட்டினால் 1000 பவுண்டு வரை அபராதம். நம் ஊரில் லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. எடுக்கிறார்களே, ஏறக்குறைய அது போன்றது. ஆனால் அங்கே வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் சின்ன காரும் தப்ப முடியாது.

இந்தத் தேர்வின் பெயர் எம்.ஓ.டி. "மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்" என்ற போக்குவரத்து அமைச்சகத்தின் சுருக்கம் அது. அந்த அமைச்சகம் 1970-லேயே வேறொரு துறையோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் இன்றும் மக்கள் வாயில் நிற்கிறது. "கார் எம்.ஓ.டி. பாஸாகிவிட்டதா?" என்பதுதான் அங்கே செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் அந்த "பாஸ்" என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? அதற்கு விடை தேட, கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பத்து வருடச் சோதனை

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. தொழிற்சாலையில் தயாரான புதிய கார்களில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காகக் கப்பலேறியது. உள்ளூர்க்காரர்களுக்கு எஞ்சியது போருக்கு முந்தைய 1930-களின் ஆஸ்டின், மோரிஸ், ஃபோர்டு கார்கள். கயிறும் கம்பியும் கட்டி ஓட்டாத குறைதான். 1950-களில் சாலையில் வாகனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. பிரேக் பிடிக்காத காரும் புதிய காரும் ஒரே சாலையில் ஓடின. 1960-ல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 6,970 பேர்.

1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனச் சோதனைக்கு அதிகாரம் கொடுத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். 1960 செப்டம்பரில் சோதனை தொடங்கியது. முதலில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று இருந்தது, 1961 பிப்ரவரியில் கட்டாயமானது. பத்து வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு மட்டும் என்பதால் மக்கள் இதைப் "பத்து வருடச் சோதனை" என்றே அழைத்தார்கள். பார்த்தது மூன்றே விஷயங்கள்: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங்.

மூன்று பாடம்தானே, எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. தோற்ற கார்கள் ஏராளம். அதைப் பார்த்த அரசு, அதே 1961-ஆம் ஆண்டின் கடைசி நாளிலேயே வயது வரம்பைப் பத்திலிருந்து ஏழாகக் குறைத்தது. 1967-ல் அது மூன்றானது. இன்றுவரை அந்த மூன்று மாறவில்லை. (வடக்கு அயர்லாந்தில் மட்டும் நான்கு ஆண்டுகள்.)

ஹேட்ச்பேக்கும் துருவும்

காலப்போக்கில் பாடத்திட்டம் பெருத்தது. 1968-ல் டயர் சேர்ந்தது. மொட்டை டயரோடு வந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1977-ல் வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர், சைலன்சர் ஆகியவற்றோடு மிக முக்கியமான ஒன்றும் சேர்ந்தது. அதுதான் காரின் உடற்கூடு.

அதே காலத்தில்தான் ஹேட்ச்பேக் கார்கள் பிரிட்டனின் தெருக்களை நிரப்பத் தொடங்கியிருந்தன. ரெனோ 5 (1972), ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் (1974) ஆகியவற்றைத் தொடர்ந்து 1976-ல் அறிமுகமான ஃபோர்டு ஃபியஸ்டா, 1977-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பின் கதவு கண்ணாடியோடு மேலே திறக்கும், சின்ன எஞ்சின், குறைந்த விலை. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி.

இந்த வகைக் கார்களுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. தகரக் கூடுதான் உடம்பு, அதுவேதான் எலும்பும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பகுதி துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் வலுவே போய்விடும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் தகரத்தின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

1970-களில் வந்த பல சின்ன கார்கள் எஞ்சின் கெட்டு ஒழியவில்லை, துருப்பிடித்து ஒழிந்தன. பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்து, ஓட்டையை மறைத்து விற்பது வழக்கமாக இருந்தது. 1977-க்குப் பிறகு அந்த வித்தை அவ்வளவு எளிதாக இல்லை. சோதனையாளர் வண்டியைத் தூக்கிவைத்து அடியில் தட்டிப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் முறையாக வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டினால் பழைய இரும்புக் கடைதான்! 1980-களிலும் 90-களிலும் தயாரிப்பாளர்கள் துத்தநாகப் பூச்சுக்கும், "இத்தனை ஆண்டுகளுக்குத் துருவால் ஓட்டை விழாது" என்ற உத்தரவாதத்துக்கும் வந்து சேர்ந்தார்கள்.

1991-ல் பெட்ரோல் கார்களின் புகையும், 1994-ல் டீசல் கார்களின் புகையும் சோதனைக்கு வந்தன. 1992-ல் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்று விதி இறுகியது. அதற்கு முன் 1 மில்லிமீட்டர் போதுமாக இருந்தது.

காகிதத்திலிருந்து கணினிக்கு

இந்தச் சோதனையை அரசு அலுவலகம் நடத்துவதில்லை. அனுமதி பெற்ற தனியார் ஒர்க்‌ஷாப்கள்தான் நடத்துகின்றன. நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணங்கள் இருந்தால் அது எம்.ஓ.டி. நிலையம் என்று பொருள். இதில் ஒரு சிக்கல் உண்டு. குறை கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து காசு வாங்குபவராகவும் இருக்கலாம். அதனால் ரிப்பேர் வேலை செய்யாத, உள்ளாட்சி மன்றங்களின் சோதனை நிலையங்களைத் தேடிப் போகிறவர்களும் அங்கே உண்டு.

இன்னொரு சிக்கல் சான்றிதழ். காகிதச் சான்றிதழ் இருந்த காலத்தில் போலிகளும் புழங்கின. வண்டி ஓடிய மைல் கணக்கைக் குறைத்துக் காட்டுவதும் சுலபமாக இருந்தது. 2005-ல் சோதனை முடிவுகள் கணினியில் ஏறத் தொடங்கின. அன்று முதல் ஒவ்வொரு சோதனையிலும் மைல் மீட்டரின் எண்ணும் பதிவாகிறது. போன ஆண்டு 80,000 மைல் காட்டிய கார் இந்த ஆண்டு 50,000 காட்டினால் குட்டு உடைந்துவிடும்!

மறைத்து வைக்கப்பட்ட மதிப்பெண்

இப்போது அரசின் கையில் பெரிய புதையல் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி சோதனைகள். எந்த மாடல் எத்தனை முறை தோற்றது என்பதெல்லாம் கணினியில் இருந்தது. ஆனால் பழைய கார் வாங்கப் போகும் சாமானியனுக்கு அது தெரியாது.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பி.பி.சி. இந்த விவரத்தைக் கேட்டது. வாகனச் சோதனையைக் கவனித்த 'வோசா' என்ற அரசு முகமை மறுத்தது. கார் தயாரிப்பாளர்களின் வணிக நலன் பாதிக்கப்படும் என்பது அது சொன்ன காரணம். வழக்கு தகவல் ஆணையரிடம் போனது. அவர் வெளியிடச் சொன்னார். 2010 ஜனவரியில் விவரம் வெளியானது.

அதில் தெரிந்தது என்ன? 2007-ல் முதல் தேர்வுக்கு வந்த மூன்று வயதுக் கார்களை எடுத்துக்கொண்டால், அதிகம் விற்ற மாடல்களில் ரெனோ மெகான் 100-க்கு 28 தோற்றது. டொயோட்டா கொரோலா 100-க்கு 11 மட்டுமே தோற்றது. ஒரே வயது, ஒரே நாட்டுச் சாலை, ஒரே சோதனை... இரண்டரை மடங்கு வித்தியாசம்! தன் சேமிப்பையெல்லாம் கொட்டிப் பழைய ஹேட்ச்பேக் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த எண்ணின் மதிப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

பின்னர் அரசே ஒரு வசதி செய்தது. காரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும். 2005-லிருந்து அது எப்போது தேறியது, எதில் தோற்றது, எத்தனை மைல் ஓடியது என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

இங்கேதான் கவனம் தேவை. தோல்வி விகிதம் காரின் தரத்தை மட்டும் சொல்வதில்லை, காரை வைத்திருப்பவரின் பழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது.

தோல்விக்கான முக்கியக் காரணங்கள் விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர். ஒரு பல்ப் எரியவில்லை என்றாலும் தோல்விதான். வைப்பர் ரப்பர் கிழிந்து கண்ணாடியைச் சரியாகத் துடைக்காவிட்டாலும் தோல்விதான். சோதனைக்குக் கொண்டுபோகும் முன் உரிமையாளரே பார்த்திருந்தால் ஏறக்குறைய பாதிக் குறைகளைத் தவிர்த்திருக்கலாம் என்று சோதனை முகமையே சொல்கிறது. ஆக, பல்புக்காகத் தோற்ற காரும் துருவுக்காகத் தோற்ற காரும் கணக்கில் ஒன்றுதான். வாங்குபவருக்கு ஒன்றல்ல!

வயதும் மைலும் அப்படித்தான். ஆண்டுக்கு 4,000 மைல் ஓடும் காரையும் 15,000 மைல் ஓடும் காரையும் பக்கத்தில் வைத்து, "இது நல்ல மாடல், அது மட்டமான மாடல்" என்று சொல்வது நியாயமாகாது.

மிக முக்கியமானது, இந்தத் தேர்வில் கேட்கப்படாத கேள்விகள். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்.ஓ.டி. சோதிப்பதில்லை. சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கவும் கூடாது. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதை வாங்கியது அது. ஃபியஸ்டாவிலும் அது வந்தது. அதன் ஆரம்பகால வடிவங்களில் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். ஆண்டுகள் போகப் போக அந்த பெல்ட் உதிர்ந்து, துகள்கள் எண்ணெய் போகும் வழியை அடைத்து, எஞ்சினே கெட்டுப்போவது பின்னாளில் பிரச்சினையானது. காலையில் எம்.ஓ.டி.யில் தேறிய கார் மாலையில் இப்படி நின்றுபோனால் சோதனையைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வியே வினாத்தாளில் இல்லை!

அப்படியானால் விவரம் தெரிந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? "பாஸ்" என்ற சொல்லுக்குக் கீழே சின்னதாக இருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளை. "பின்பக்கம் லேசான துரு" என்ற குறிப்பு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்திருந்தால், உரிமையாளர் ஒன்றும் செய்யவில்லை, நான்காம் ஆண்டு வெல்டிங் செலவு காத்திருக்கிறது என்று பொருள். மாறாக, ஒரு வருடம் பிரேக்கில் தோற்று, உடனே சரிசெய்து, அடுத்த வருடங்களில் குறிப்பே இல்லாமல் தேறிய கார் நன்றாகக் கவனிக்கப்பட்ட காராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை தோற்ற கார் எப்போதும் தேறிய காரைவிட நல்ல காராக இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

மூன்றா, நான்கா?

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதல் முயற்சியில் தோற்ற கார்கள் 10-க்கு சுமார் 4. அண்மை ஆண்டுகளில் அது 10-க்கு சுமார் 3 ஆகக் குறைந்திருக்கிறது. கார்கள் தரமாகிவிட்டன, முதல் சோதனையை நான்காம் ஆண்டுக்குத் தள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அரசு இதை ஆராய்ந்து 2018-லும் 2024-லும் கைவிட்டது. விபத்துகளில் வாகனக் கோளாறு காரணமாகப் பதிவாவது சுமார் 2 சதவீதம்தானே என்பது ஒரு தரப்பு. சோதனை இருப்பதால்தானே அது 2 சதவீதமாக இருக்கிறது என்பது மறுதரப்பு.

இரண்டிலும் உண்மை உண்டு. 1966-ல் 7,985 ஆக இருந்த சாலை மரணங்கள் 2019-ல் 1,752 ஆகக் குறைந்ததற்கு சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டம், நல்ல சாலைகள், பாதுகாப்பான கார்கள் எனப் பல காரணங்கள். எம்.ஓ.டி.யின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் பிரேக் பிடிக்காத காரை யாரோ ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது நிறுத்திவைக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. எதிரே நடந்து வருபவர் அந்தக் காரை வாங்கியவர் அல்லவே!

2018 மே மாதம் விதிகள் மீண்டும் மாறின. குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரிக்கப்பட்டன. கூடவே, 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு கிடைத்தது. பத்து வயது தாண்டிய பழைய கார்களைப் பிடிக்கப் பிறந்த சோதனை, இன்று மிகப் பழைய கார்களை மட்டும் விட்டுவிடுகிறது.

1977-ல் வந்த முதல் ஃபியஸ்டாக்களும் இந்த விலக்குக்குள் வந்துவிட்டன. ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் நின்றே போனது. துருவுக்கும் சோதனைக்கும் தப்பிப் பிழைத்த அந்தப் பழைய வண்டிகள் சிலவே. அவற்றை வைத்திருப்பவர்கள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் ஒரு நாளைய நிலையைத்தான் சொல்லும். மீதி 364 நாட்களும் காரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அதை ஓட்டுபவர்தான்.