சாந்தோம் பேராலயத்தின் தொன்மை: மெட்லிகாட் காட்டிய ஆறாம் நூற்றாண்டுக் கோவில் பற்றி ஒரு மறுஆய்வு

சாந்தோம் பேராலயத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றனர். தோமையாரின் கல்லறைமேல் ஆறாம் நூற்றாண்டிலேயே ஒரு பெருங்கோவில் இருந்தது. அது காலப்போக்கில் சிதைந்தது. 1523இல் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டிப் பார்த்துக் கோவிலைப் புதுப்பித்தனர். 1893இல் அதை இடித்துவிட்டு 1896இல் இன்றைய கோதிக் பேராலயத்தை எழுப்பினர். இவ்வரிசையின் பிற்பகுதிகளில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. முதற்பகுதிதான் சிக்கல். தோமையார் இங்கு வந்தாரா என்பது வேறு விவாதம்; அதை இக்கட்டுரை தொடவில்லை. கட்டடம் ஒன்று இருந்தது என்று சொல்லக் கட்டடத்துக்கான சான்று வேண்டும். ஆறாம் நூற்றாண்டுக்கு அப்படி ஒரு சான்று உண்டு என்ற கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் ஆயர் அடோல்ஃபஸ் மெட்லிகாட். திருச்சூரின் முதல் மறைத்தூதுப் பதிலாளாக இருந்த அவர் 1905இல் வெளியிட்ட, இந்தியாவையும் தோமையாரையும் பற்றிய நூல், சிரிய, இலத்தீன், கிரேக்க மூலங்களை ஒரே இடத்தில் திரட்டித் தந்த பெரும்பணி. அதற்குப் பின் வந்தோர் பலரும் அந்தத் திரட்டைத்தான் எடுத்தாண்டனர். திரட்டோடு அவருடைய முடிவும் சேர்ந்தே வந்துவிட்டது.

மெட்லிகாட்டின் முதன்மைச் சான்று, தூர் நகர ஆயர் கிரிகோரி ஏறத்தாழ 590இல் மறைசாட்சியரின் மாண்பு குறித்து எழுதிய நூலில் தோமையாருக்கு ஒதுக்கிய அதிகாரம். கிரிகோரி இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். தியோடர் என்ற பயணி ஒருவர் தமக்குச் சொன்னதாகவே எழுதுகிறார். தோமையாரின் உடல் பின்னாளில் எடெசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. அதற்கு முன் அது இருந்த இந்தியப் பகுதியில் ஒரு துறவுமடமும் வியப்பூட்டும் அளவுடைய, நன்கு அணிசெய்யப்பட்ட கோவிலும் உள்ளன. கல்லறைமுன் ஒரு விளக்கு இரவும் பகலும் எண்ணெயோ திரியோ இன்றி எரிகிறது. செய்தி இவ்வளவே. இதில் எடெசாவுக்குப் பெயர் உண்டு. இந்தியப் பகுதிக்குப் பெயர் இல்லை. ஊர், கடற்கரை, மன்னன், ஆறு, மலை என இடத்தை அடையாளம் காண உதவும் எதுவும் இல்லை. தொடர்ந்து கிரிகோரி ஒரு திருவிழாச் சந்தையை விவரிக்கிறார்: பல நாட்டினர் கூடுகின்றனர், சுங்கம் வாங்குவதில்லை, ஆழத்திலிருந்து இறைக்க வேண்டிய கிணற்று நீர் அந்நாட்களில் மேலே ஊறிவருகிறது. இந்தச் சந்தை நடப்பது முன்னே குறிப்பிட்ட நகரில் என்கிறது மூலம். முன்னே பெயர் சொல்லப்பட்ட நகரம் எடெசா ஒன்றே. ஆகவே, சுவையான உள்ளூர் விவரங்கள் அனைத்தும் எடெசாவுக்குப் போய்விட, இந்தியாவுக்கு எஞ்சுவது பெயரில்லாத ஓர் இடமும் ஒரு பெரிய கோவிலும் ஓர் அற்புத விளக்கும் மட்டுமே.

பெயரில்லாத அந்த இடத்தை, சாந்தோம் அடங்கிய மயிலாப்பூர் என்று மெட்லிகாட் கொள்வது பின்னோக்கிய வாதத்தால்தான். பிற்காலத்தில் தோமையார் கல்லறை என்று இந்தியாவில் காட்டப்பட்ட இடம் மயிலாப்பூர். எனவே தியோடர் கண்டதும் அதுவே என்பது அவர் நிலை. இவ்வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. தோமையாருக்கு உரிமை கொண்டாடும் வேறு கல்லறை இந்தியாவில் எங்கே என்று அவர் தரப்பினர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் நிலவரத்தை எழுநூறு ஆண்டு பின்னே தள்ளி ஆறாம் நூற்றாண்டின்மேல் வைக்கிறது. தியோடருக்குச் சில பத்தாண்டுகள் முன், கடல்வணிகத்தை நேரில் அறிந்த கோஸ்மாஸ், இலங்கையிலும் மலபாரிலும் கிறித்தவர் இருப்பதைச் சொல்கிறார்; கல்லியானாவில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஆயர் இருப்பதையும் சொல்கிறார்; சோழமண்டலக் கரையின் காபேர் துறையையும் அறிந்திருக்கிறார். அதே கரையில் ஒரு திருத்தூதரின் கல்லறைமேல் துறவுமடமும் மாபெரும் கோவிலும் இருந்திருந்தால் துறவு மனம் படைத்த அந்த வணிகர் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் விட்டிருப்பாரா? மௌனம் தனியே சான்றாகாது என்பதை ஒப்புகிறேன். இங்கு அது தனியே நிற்கவில்லை. திருத்தூதர்களின் அடக்கத்தலங்களைக் குறிக்கும் பழைய பட்டியல்கள் தோமையாருக்குக் கலமினா என்ற ஊரைத் தருகின்றன. அந்த ஊர் எங்கே என்று இன்றளவும் எவரும் ஐயமற நிறுவவில்லை. மேற்குலகப் பயணிகள் வந்துபோகும் அளவுக்கு மயிலாப்பூர்க் கோவில் புகழ்பெற்றிருந்தால் அந்தப் பட்டியல்களில் இத்தகைய குழப்பம் நேர்ந்திருக்காது.

கிரிகோரிக்கும் மார்க்கோ போலோவுக்கும் இடைப்பட்ட நீண்ட வெற்றிடத்தை நிரப்ப மெட்லிகாட் நாடுவது இங்கிலாந்து மன்னர் ஆல்ஃபிரட் அனுப்பிய காணிக்கை. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகளில் 883ஆம் ஆண்டின் கீழ், ரோமுக்கும், இந்தியாவில் தோமையார், பர்த்தலமேயு ஆகியோருக்கும் மன்னர் காணிக்கை அனுப்பிய செய்தி உள்ளது. இதில்தான் பாடவேறுபாடு குறுக்கிடுகிறது. சில சுவடிகளில் ‘இந்தியா’ என்றிருக்கும் இடத்தில் வேறு சிலவற்றில் ‘யூதேயா’ என்றிருக்கிறது. அக்கால எழுத்துமுறையில் ‘ன’ ஒலிக்குரிய எழுத்தும் ‘உ’ ஒலிக்குரிய எழுத்தும் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு குட்டையான செங்குத்துக் கீற்றுகளே. மேலே வளைவா கீழே வளைவா என்பதைக் கண் கூர்ந்தால்தான் பிரிக்கலாம். ஒரு சுவடிக்காரரின் பேனா சற்று விரைந்தால் எருசலேம் இருக்கும் நாடு இந்தியாவாகும், இந்தியாவும் யூதேயாவாகும். தோமையாரையும் பர்த்தலமேயுவையும் சேர்த்துச் சொல்வதால் ‘இந்தியா’ என்பதே மூலப்பாடம் என்று வாதிடலாம். இருவரையும் இந்தியாவோடு இணைக்கும் மரபு மேற்கே நன்கு பரவியிருந்தது. இவ்வாதம் வலுவானது என்றே கருதுகிறேன். ஆனால் அது காட்டுவது காணிக்கை அனுப்பியவரின் எண்ணத்தை மட்டும். மயிலாப்பூரில் ஒரு கட்டடம் நின்றதையோ, காணிக்கை அங்கு வந்து சேர்ந்ததையோ அது காட்டாது. தூதர் சிகெல்ம் மாணிக்கங்களோடு திரும்பினார் என்ற விரிவு பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாம்ஸ்பரி வில்லியம் எழுத்தில் வருவது. மெட்லிகாட் இம்மூன்று நிலைகளையும் ஒரே செய்தியாகப் படித்துவிட்டார்.

திடமான நிலம் நம் காலடியில் வருவது 1291–92இல். சீனாவுக்குச் செல்லும் வழியில் பிரான்சிஸ்கன் துறவி மோந்தே கொர்வினோ யோவான் தோமையார் கோவிலில் பதின்மூன்று மாதம் தங்கினார், நூறு பேருக்குத் திருமுழுக்களித்தார், உடன்வந்த பிஸ்தோயா நிக்கோலாஸ் இறந்தபோது அக்கோவிலிலேயே அடக்கம் நடந்தது. இதைப் பின்னாளில் பெய்ஜிங்கிலிருந்து 1305இல் அவரே எழுதுகிறார். துணைவரை எங்கே புதைத்தோம் என்று சொல்லும் கடிதத்தில் அழகுரைக்கு இடமில்லை. இத்தகைய சாதாரண வரியைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். ஏறக்குறைய அதே காலத்தில் மார்க்கோ போலோ விவரிப்பதும் சிற்றூர்தான்: மக்கள் குறைவு, வணிகர் வருவதும் குறைவு, ஆயினும் கிறித்தவரும் இசுலாமியரும் திருப்பயணம் வந்து, தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்கின்றனர். 1288இல் உள்ளூர்த் தலைவன் ஒருவன் தன் அறுவடை நெல்லைக் கோவிலுக்குச் சொந்தமான வீடுகளில் நிரப்பிவைத்ததால் திருப்பயணிகளுக்குத் தங்க இடமில்லாமல் போன கதையையும் அவர் தருகிறார். நெல் சேர்க்கும் களஞ்சியமாகத் தலைவன் கண்ணுக்குப் பட்ட கட்டடங்கள் கிரிகோரியின் வியத்தகு கோவிலோடு பொருந்தவில்லை.

பழைய பெருங்கோவில் போலோ காலத்துக்குள் சிதைந்திருக்கலாமே என்பர். இதற்கு விடை பிற்காலப் பயணிகள் இருவரிடம் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த நிக்கோலோ கோந்தி, தோமையாரின் உடல் பெரிய, அழகிய கோவிலில் உள்ளது என்றும் ஊரில் ஆயிரம் நெஸ்தோரியர் வாழ்கின்றனர் என்றும் சொல்ல, இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ அதைக் கேட்டு எழுதினார். நூறாண்டுக்குள் துவார்த்தே பர்போசா எழுதியதோ, இடிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய கோவிலையும், பிச்சையெடுத்து விளக்கெரிக்கும் ஓர் ஏழை இசுலாமியரையும். இடையில் பேரழிவு நேர்ந்தது என்றும் கொள்ளலாம். ஆனால் தியோடர் கிரிகோரிக்குச் சொன்னதும் கோந்தி போஜ்ஜோவுக்குச் சொன்னதும் ஒரே வகைச் சான்று என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவிலிருந்து திரும்பியவர் வாய்மொழியாகச் சொல்ல, புனித இடத்தைக் காணாதவர் ஏட்டில் ஏற்றினார். அப்படி ஏறும் செய்தியில் ‘பெரிய’, ‘அழகிய’ என்பவை முதலில் வந்து ஒட்டிக்கொள்ளும் அடைகள். அவற்றைக் கொண்டு கட்டடக்கலை வரலாறு எழுத முடியாது.

மண்ணுக்கடியிலிருந்து வரும் எதிர்வாதங்கள் இரண்டு. கல்லறைச் சுவரின் செங்கற்கள் அரிக்கமேட்டுச் செங்கற்களின் அளவை ஒத்தவை என்பர். ஒப்புமையை ஏற்றாலும், செங்கல் மறுபடி மறுபடி எடுத்துக் கட்டப்படும் பொருள். அதன் வயது சுவரின் வயதாகாது, சுவர் எந்தச் சமயத்தாருடையது என்பதையும் அது சொல்லாது. மற்றது, 1547இல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டும்போது கிடைத்த சிலுவைக்கல். அதன் விளிம்பு வளைவில் ஓடும் எழுத்துகளைப் பதினாறாம் நூற்றாண்டில் படித்துக்காட்டிய பிராமணர் ஒருவர், தோமையாரின் வரலாறு முழுவதையும் அதில் கண்டார். 1873இல் ஆய்வாளர் பர்னெல் அதைப் பாரசீகப் பகலவி எழுத்தென்று காட்டியபின் அந்த வாசிப்பு கைவிடப்பட்டது. 1929இல் விங்க்வொர்த் அதைக் கல்லைச் செதுக்கியவர் கிறிஸ்துவிடம் இரக்கம் வேண்டும் மன்றாட்டாகப் படித்தார். பின்வந்தோர் சொல்லுக்குச் சொல் வேறுபட்டாலும், தோமையாரோ கல்லறையோ எந்த வாசிப்பிலும் இல்லை. கல்லின் காலமும் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே இழுபறியில் உள்ளது. போர்த்துகீசியருக்கு முன்பே இக்கரையில் பாரசீகத் தொடர்புள்ள கிறித்தவர் வாழ்ந்தனர் என்பதற்கு இது ஐயமற்ற சான்று. மயிலாப்பூர்க் கோவிலின் வயதுக்கு அது சான்றாகாது.

ஆகவே பேராலயத்தின் பெருமித வடிவத்தைப் பழங்காலத் தொடர்ச்சியாகக் காண்பதை விட்டு, அதைப் பிற்காலத்தார் முடிவாகக் காண வேண்டியிருக்கிறது. 1523 அகழ்வு குறித்து 1533இல் போர்த்துகீசிய அதிகாரி மிகுவேல் ஃபெரெய்ரா பதிவுசெய்த வாக்குமூலங்களில் மணல், செங்கல் அடுக்குகள், எலும்புகள், ஈட்டிமுனை, மண்கலம் ஆகியவை வருகின்றன. பெருங்கட்டடத்தின் அடித்தளம் வரவில்லை. கொச்சியிலிருந்து பிரித்து 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அமைந்தபோது போர்த்துகீசியரின் கோவில் பேராலயமாயிற்று. நகரமோ கோல்கொண்டா, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே போனது. 1886இல் திருத்தந்தை 13ஆம் லியோவும் போர்த்துகலும் செய்த உடன்படிக்கை மயிலாப்பூரைப் போர்த்துகீசிய அரசின் ஞானாதரவில், அதாவது ஆயர் நியமனம் முதலியவற்றில் அந்த அரசுக்கு இருந்த உரிமையின்கீழ், நிலைக்கவிட்டது. அதே ஆண்டில் சென்னையும் ரோமின் நேரடி ஆளுகையில் உயர்மறைமாவட்டமாகி, ஆர்மேனியன் தெரு மரியன்னை கோவிலைத் தலைமைக் கோவிலாகக் கொண்டது. ஒரே நகரில் இரண்டு ஆயர்கள், இரண்டு பேராலயங்கள், அடுத்தடுத்த தெருக்களில் வெவ்வேறு ஆயர்களுக்கு உட்பட்ட பங்குகள். ஏழாண்டு கழித்து ஆயர் ஹென்ரிக்கே ஜோசே ரீட் த சில்வா பழைய கோவிலை இடித்து, ராயல் இஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் கேப்டன் பவரை அழைத்துப் புதியது கட்டினார். 155 அடி முகப்புக் கோபுரத்தோடு நில்லாமல், கல்லறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே இரண்டாவதாக ஒரு சிறிய கூர்கோபுரமும் எழுந்தது. வழிபாட்டுக்கு அந்த இரண்டாம் கோபுரம் தேவையில்லை. கல்லறை எங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று நகர் முழுவதற்கும் அறிவிக்கத் தேவைப்பட்டது என்பது என் வாசிப்பு. கட்டடப் பணிக்குப் பழைய கோவிலின் தளர்ச்சியே காரணம் என்று சொல்வோர் உண்டு. தளர்ச்சி புதுக்கோவிலுக்கு விளக்கம் தரும்; இரண்டாம் கோபுரத்துக்குத் தராது. மெட்லிகாட்டின் நூல் வெளிவந்தபோது அக்கோபுரத்துக்கு வயது ஒன்பது. தியோடரின் வியத்தகு கோவிலை அவர் மயிலாப்பூரில் தேடியபோது மயிலாப்பூரில் ஒரு வியத்தகு கோவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. ஞானாதரவு ஏற்பாடு 1950இல் முடிந்து, 1952இல் இரு மறைமாவட்டங்களும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்து, மரியன்னை கோவில் இணைப் பேராலயமானபோது சாந்தோம் முதலிடம் பெற்றதற்கும் கல்லறையே அடிப்படை. கட்டடத்தைப் பொறுத்தவரை அந்த முதலிடத்துக்கு வடிவம் கொடுத்தவை 1893க்கும் 1896க்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகள்.