சுந்தரமூர்த்தி என்ற பந்தாட்டக்காரர்

நெய்வேலியில் எந்த வட்டத்துக்குப் போனாலும் சிங்கப்பூரில் பிள்ளையோ மருமகனோ இருக்கும் வீடு ஒன்றிரண்டாவது இருக்கும். போனில் சம்பளம் கேட்போம், வாடகை கேட்போம், ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்போம். அந்த நாட்டின் பந்தாட்ட வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயர் அழுத்தமாகப் பதிந்திருப்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். அந்தப் பெயர் வி. சுந்தரமூர்த்தி.

1965-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பதினெட்டு வயதை ஒட்டியே தேசிய அணிக்கு வந்துவிட்டார். மலேசியாவின் கெடா அணிக்கும் ஆடினார். 1988-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அணி அவரை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'பால்' நகரம். பூகோள வகுப்பில் ரைன் நதிக்கரையில் தேடிக் குறித்த ஊர். அங்கே நீண்ட நாள் அவர் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் ஆசியாவிலிருந்து ஐரோப்பியக் கழகத்துக்குப் போவது சாமானியமல்ல. 1993-இல் புரூணைக்கு எதிராக, கோலுக்கு முதுகைக் காட்டியபடி எம்பி, மல்லாந்த நிலையில் அவர் உதைத்த கோலை அங்கே பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள்.

பிறகு பயிற்சியாளர் ஆனார். பிரெஞ்சில் 'ஆந்த்ரெனேர்' என்போம். மலேசிய லீகில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் 12 அணி அவர் கையில் 2012-இல் இரண்டாம் இடம் பிடித்தது, 2013-இல் பட்டமே வென்றது. அந்நிய மண்ணின் லீகில் சொந்த நாட்டு இளைஞர்களை வைத்துக்கொண்டு வென்ற பட்டம் அது.

2016-இல் ஜெர்மானியரான பெர்ன்ட் ஷ்டாங்கேக்குப் பதிலாக தேசிய அணி அவரிடம் வந்தது. ஆனால் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் ஒன்றிலும் வெற்றி இல்லை, இரண்டு டிராதான். 2018-இல் விலகினார்.

அத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தம் நாட்டைவிடப் பந்தாட்டத்தில் சிறிய லாவோஸுக்குப் பயிற்சியாளராகப் போனார். 2019 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்துடன் இரண்டு ஆட்டங்கள். வியன்டியானில் 0-1, டாக்காவில் 0-0. ஒரே ஒரு கோலில் லாவோஸின் வாய்ப்பு முடிந்தது.

எங்கள் குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு கோப்பு பத்து மேஜை ஏறி இறங்கும். முடிவு யாருடையது என்று கடைசிவரை தெரியாது. பயிற்சியாளர் நிலை அப்படியல்ல. தொண்ணூறு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும், கையெழுத்து அவர் ஒருவருடையது.

தோற்றால் உடனே 'வெள்ளைக்காரனைக் கூப்பிடு' என்பது நம் நாட்டிலும் கேட்கும் குரல்தான். நம் நிலக்கரி நிறுவனம் பிறந்த அதே 1956-இல்தான் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வாங்கியது. இரண்டு அணிகளையும் தயார்செய்தவர் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம்.

பாரதி மைதானத்தில் மாலையில் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று மட்டுமே வீட்டில் சொல்கிறார்கள். ஆடி முடித்த பிறகும் இந்த ஆட்டத்தை வைத்தே கடல் தாண்டிப் பிழைக்கலாம், மற்றவர்க்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு இந்த ஒரு பெயர் போதும்.