முடிவை மாற்றலாமா?

ஒரு மாணவன் கேட்ட வினா இன்றும் என் நினைவில் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தின் இறுதிக் காட்சியை அன்று வகுப்பில் படித்து முடித்தேன். மருந்தின் மயக்கத்தில் கிடக்கும் ஜூலியட்டை இறந்தவள் என்றெண்ணி ரோமியோ நஞ்சருந்துகிறான். பிறகே அவள் விழிக்கிறாள். “ஐயா, அவள் சற்று முன்னதாக விழித்திருக்கலாகாதா?” என்றான் அவன். வகுப்பு நகைத்தது. நானும் நகைத்து, அவனை அமரச் சொன்னேன். அது என் பிழை. அதே எண்ணம் இசை மேதை ஒருவருக்கும் தோன்றியது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அவர் ருஷ்ய நாட்டுச் செர்கேய் புரோகோபீவ். 1935-ஆம் ஆண்டில் இக்கதையைப் பாலே என்னும் நாட்டிய நாடகமாக்க அவர் இசை அமைத்தார். பாலேயில் உரையாடல் இல்லை. வாத்திய இசையும் ஆடுவோர் உடலுமே கதை சொல்ல வேண்டும். உயிருள்ளவர் ஆடுவர், சாகக் கிடப்பவர் எங்ஙனம் ஆடுவர்? இதைக் கருதி, காதலர் பிழைத்து மகிழ்வதாகவே அவர் முதலில் முடித்தார். ஆனால் அம்முடிவின் இசையில் உண்மையான களிப்பு ஒலிக்கவில்லை என்று ஒருவர் கூறினார். அச்சொல் அவர் மனத்தில் தைத்தது. நாட்டிய ஆசிரியர்களைக் கலந்து, மரணத்தையும் ஆட்டத்தால் உணர்த்தலாம் எனத் தெளிந்து, முடிவைத் திருத்தினார்.

இடையூறு அத்துடன் ஒழியவில்லை. மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கத்தார் இவ்விசைக்கு ஆட இயலாது என்றனர். எனவே முதல் அரங்கேற்றம் 1938 டிசம்பர் 30 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் நிகழ்ந்தது. மூன்று திங்களுக்குள் ஜெர்மானியப் படை அந்நகரினுள் புகுந்தது. 1940 ஜனவரி 11 அன்று, லெனின்கிராட் நகரின் கீரோவ் அரங்கில், லாவ்ரோவ்ஸ்கியின் நாட்டிய அமைப்பில் ருஷ்ய மக்கள் அதனைக் கண்டனர். ஜூலியட்டாக ஆடியவர் கலீனா உலானோவா. இவ்விசை பிடிபடவில்லை என்று ஒத்திகையில் குறைபட்டவர்களுள் அவரும் ஒருவர். அவ்வேடமே பின்னர் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. ஆட இயலாது என்ற போல்ஷோய் அரங்கமும் 1946-இல் அதனை ஏற்று, 1956-இல் லண்டன் மாநகருக்கும் கொண்டு சென்றது. 1953-இல் மறைந்த புரோகோபீவ் அச்சிறப்பைக் காணவில்லை.

மாணவர்களே! வெரோனா நகரின் இரு குடும்பங்கள் தம் பகையைக் கைவிட அவ்விரு இளம் உயிர்கள் விலையாயின. அவர்களைப் பிழைக்க வைத்தால், பெரியோர் தம் பிழையை உணரும் இடம் கதையில் இல்லாமற் போகும். அன்று அம்மாணவனுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை இதுவே. முடிவை மாற்ற விரும்பியது அவன் குற்றமன்று. அவ்விருப்பத்தை எழுப்பியதே ஷேக்ஸ்பியரின் வெற்றி.